அடியந்திரத்துக்கு ஒரு வாழ்த்து

நிரல் ஒழுங்காக ஓடினால் ஒருவரும் தேடாத, ஓடாவிட்டால் ஊரே தேடும் வேலை இந்த யூனிட் டெஸ்ட் எழுதுவது. இதே பாடு படும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

பாறசாலையில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் அலுவலகம். நிரல் எழுதுவது ஜாஸ்மின், சோதிப்பது நான்.

குற்றம் சொல்ல ஒரு சம்பளம்

பெருங்கடவிளையில் மண்டபம் வைத்திருக்கும் சுகுமாரன் அண்ணன் பதிவு நோட்டை விட்டு எங்கள் மென்பொருளுக்கு மாறச் சம்மதித்தார். ஒரு தப்பு வந்தாலும் மறுபடி நோட்டுதான் என்றார். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர். அவரும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். நிரலின் ஒவ்வொரு துண்டையும் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை என்று விளக்கினேன். அண்ணன் சொன்னார்: "அப்பம் நீ ஒண்ணும் உண்டாக்க மாட்ட, அந்தப் பிள்ள உண்டாக்குததுல குற்றம் சொல்லதுக்கு ஆக்கும் சம்பளம்!"

துக்க வீட்டில் மேளம்

நிரலில் 'நிகழ்ச்சி' என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது பொது அச்சு. கல்யாணம், ஞானஸ்நான விருந்து, ஒருவர் இறந்த பதினாறாம் நாள் நடக்கும் அடியந்திரம் எல்லாம் அதன் பிள்ளைகள். பிள்ளையில் மாற்றி எழுதாதது தாயிடமிருந்து அப்படியே வந்துவிடும். அடியந்திரத்துக்கு டெஸ்ட் ஓட்டினேன். ஏற்பாட்டுப் பட்டியலில் நாற்காலி வந்தது, சாப்பாடு வந்தது, கூடவே செண்டை மேளமும் வந்து நின்றது! ஜாஸ்மின் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருத்தினாள். "விட்டிருந்தா செத்தவரும் எந்திச்சு ஆடியிருப்பாரு, எக்கா!"

வாரப் பக்கம்

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வீட்டாருக்குச் செய்தி போக வேண்டும். பழைய கிளாஸைத் தொடப் பயந்து, ஜாஸ்மின் அதை எக்ஸ்டென்ஷன் மெதடாக வெளியிலிருந்து ஒட்டினாள்: நிகழ்ச்சிக்கு வாழ்த்து, அடியந்திரத்துக்கு அனுதாபம். தனித்தனியாகச் சோதித்தேன், எல்லாம் பச்சை, ஒரு தப்பும் இல்லை. பெருமையோடு மண்டபத்துக்குப் போனோம். அண்ணனோ நோட்டுப் பழக்கத்தில் ஒற்றைப் பதிவைப் பார்க்கவே மாட்டார்; வாரம் முழுவதையும் விரிக்கச் சொன்னார். ஒத்திகைக்காகச் செய்திகள் எல்லாம் அவர் போனுக்கே வரும்படி வைத்திருந்தோம். அடியந்திர வீட்டுக்கு உரியது வந்தது: 'இனிய விழாவுக்கு வாழ்த்துகள்!'

அண்ணன் நோட்டை எடுத்துவிட்டார். நான் அவசரமாக நிரலைத் திறந்து பார்த்தேன். வாரப் பட்டியலில் கல்யாணம், அடியந்திரம் எல்லாவற்றுக்கும் 'நிகழ்ச்சி' என்றே சீட்டு ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒட்டிய மெதட் ஆளைப் பார்க்காது, சீட்டைத்தான் பார்க்கும். அங்கேயே உட்கார்ந்து அதைக் கிளாஸுக்குள் எழுதினோம்; உள்ளே இருந்தால் சீட்டு எதுவானாலும் பிள்ளை தன் செய்தியைத்தான் அனுப்பும். டெஸ்டையும் பட்டியல் வழியாக ஓட்டினோம். அனுதாபம் வந்தது! நாங்கள் இருவரும் குதித்தே விட்டோம். அண்ணன் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "துக்க வீட்டுக்குப் போவல்ல, எனக்க போனுக்குத்தான வந்துது, அதனால இத தப்புல சேக்கல்ல மக்கா, ஆனா சாவி எனக்க மடியில இருக்கட்டு."

எல்லா டெஸ்டும் பச்சையாக வரும் நாளில்தான் இப்போதெல்லாம் நான் வாரப் பக்கத்தை இன்னொரு முறை விரித்துப் பார்க்கிறேன்.