வைல்டு என்று வந்த ரிப்போர்ட்

என் பெயர் லூர்துமேரி. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். போன வருடம் தவக்காலத்தில் வயிறு உப்பிக்கொண்டே போனது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தே இரண்டு மாதம் கடத்தினேன். தருமபுரியில் ஸ்கேன் எடுத்தால், சினைப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புற்றுநோய்தான். பி53 என்ற பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்தால்தான் எந்த வகை, இனி எப்படிப் போகும் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

ரிப்போர்ட் சனிக்கிழமை கைக்கு வந்தது. டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் வருவார். பி53-க்கு நேராக 'வைல்டு டைப்' என்று இருந்தது. வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஒகேனக்கல் ரோட்டுல யானைப் படம் போட்ட போர்டுல இதே எழுத்துதான் இருக்குது. வைல்டுன்னா காட்டு மிருகம், மேரி."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒரே வேண்டுதல்: "ஆண்டவரே, இந்த வைல்டை என் உடம்பிலிருந்து அடியோடு எடுத்துப்போடும்." செபக்கூட்டத்துப் பெண்களும் அதையே சொல்லி அழுதார்கள். ஞாயிறு பூசையில் சிலுவையைப் பார்த்துச் சண்டையே போட்டேன். உமக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, "இந்த வைல்டு எப்பங்க போவும்?" என்றேன். டாக்டரம்மா திகைத்தார். பிறகு சிரித்தேவிட்டார்.

"அது போகவே கூடாதும்மா! பி53 உடம்புக்குக் காவல்காரன் மாதிரி. செல்லைக் கன்னாபின்னான்னு வளர விடாது. வைல்டு டைப்னா அது கெடாம, இயற்கையா இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு வந்திருக்கறது மெதுவா வளர்ற வகை. மாத்திரை இருக்கு. ஆனா செக்கப்பை விடக் கூடாது."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். யானையாம், யானை!

வேனில் வரும் வழியெல்லாம் அழுதேன். மூன்று நாளாக என் காவல்காரனையே விரட்டச் சொல்லி மன்றாடியிருக்கிறேன். ஆண்டவர் அதைக் கேட்காமல் இருந்தாரே, அதுதான் எனக்குக் கிடைத்த வரம்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பொய்ச்சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது. மாத்திரை சாப்பிடுகிறேன், செக்கப்புக்குப் போகிறேன், கடையும் திறக்கிறேன். இப்போதெல்லாம் ஆண்டவருக்கு உத்தரவு போடுவதில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

சகோதரிகளே, வயிறு உப்பினால் ஓமத்தண்ணீரோடு நிற்காதீர்கள், ஸ்கேன் எடுங்கள். மண்டியிட்டுக் கேளுங்கள். கேட்டது வரவில்லையா? என்னைப்போல் கோபித்துக்கொள்ளாமல், செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருங்கள்.