மூன்றாவது பல்பு மங்கலாக எரிந்த நாள்

கரண்ட் போனால் எங்கள் சந்தில் முதலில் கேட்பது அமைதிதான். எதிர்ச்சாரி நிட்டிங் கம்பெனியின் இரைச்சல் சட்டென்று நின்று காதில் ரீங்காரம் மட்டும் மிச்சமிருக்க, அடுத்த நொடியே, தொட்டியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீருக்காக ஓடுகிறவர்களின் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் எழும்.

இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள் அவை. அவிநாசிக்குப் பக்கத்தில் அப்பா வாடகைக்கு விட்டிருந்த பத்து "லைன் வீடு"களுக்கும் ஒரே போர்வெல், ஒரே தொட்டி. "த்ரீ பேஸ்" கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும். அது வராத நாளில் உள்ளூர்க்காரர்களும், திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்களும் குழாயடியில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். குடம் எறிந்து மண்டை உடைந்ததும் உண்டு.

மோட்டார் ரூமில் பேஸுக்கு ஒன்றாக மூன்று பல்புகள். "மூணும் பளிச்சுன்னு எரிஞ்சாத்தான் ஸ்டார்ட்டரத் தொடோணும் கண்ணு" என்பார் அப்பா. ஒன்று மங்கினாலும் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயில் கருகிவிடும். அப்படியொரு சமயத்தில் தானாக மோட்டாரை நிறுத்தவேண்டிய ரிலேயை, சும்மா சும்மா "டிரிப்" ஆகிறதென்று அவரே வேலை செய்யாதபடி கம்பி வைத்துக் கட்டியிருந்தார். பல்பைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. ஆறாம் வகுப்பில் அறிவியலுக்கு முதல் மார்க் வாங்குகிறவள் அல்லவா, பெருமை தாங்கவில்லை.

தொடர்ந்து நான்கு நாள் தண்ணீர் ஏறாத ஒரு ஞாயிறு மதியம், இரண்டு பல்புகள் பளிச்சென்றும் மூன்றாவது சிவந்து மங்கியும் எரிந்தன. பேஸ் வந்துவிட்டது, பழைய பல்பு என்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது என்று நானே கண்டுபிடித்து, யாரையும் கூப்பிடாமல் பச்சைப் பட்டனை அழுத்தினேன். மோட்டார் ஓடவில்லை; ம்ம் என்று முனகியது. கொஞ்ச நேரத்தில் வயர் கருகும் நாற்றம். நான் வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

பழி மேரி அக்காவின் மேல் விழுந்தது. தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டு, கைக்குழந்தையோடு கடைசி வீட்டில் இருந்த தெற்கத்திக்காரர். அதற்கு முந்தின மாதம் நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அவரே மோட்டார் போட்டு, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். காயில் கட்டும் பட்டறையிலும் கரண்ட் இல்லாததால் மோட்டார் திரும்பிவர எட்டு நாள் ஆகுமென்றார்கள். மறுநாள் லாரித் தண்ணீர் வந்தபோது முதல் வீட்டு ருக்மணி அத்தை மேரி அக்காவின் குடத்தைக் காலால் தள்ளினார்.

"மோட்டாரப் பொகைச்ச மகராசிக்கு மொதக் கொடமுங்களா?"

"எம் புள்ள மேல சத்தியமா நான் தொடலக்கா" என்ற மேரி அக்கா, கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். "ஏ பிள்ள, நீ அங்கனதான நின்ன. சொல்லேன்."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும்தான்.

"நான் பாக்கலீங்க்கா" என்றேன்.

மேரி அக்கா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் அவர்கள் குடும்பமே ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வருஷம்தான் அப்பாவிடம் சொல்லத் துணிந்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "அன்னிக்கு நீ சோறு வேண்டாம்னு படுத்தியே, அப்பவே தெரியும். ரிலேயக் கட்டுனது நானு. ரெண்டு பேரும் சேந்து மாட்டோணுமா?"

அந்த லைன் வீடுகளை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானே பிடித்துக்கொள்கிறது, தண்ணீருக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. வேலை விஷயமாக எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் செக்கிங் செக்‌ஷனில் மேரி என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன். அநேகமாக ஒருவர் இருக்கிறார். அவர் நிமிர்ந்து பார்த்து, அது வேறு முகம் என்று தெரியும்போது எனக்கு ஏமாற்றம்தான் வரவேண்டும். முதலில் வருவது நிம்மதி.