குழாய் வாயில் திணித்த லுங்கி

எங்கள் படுக்கையறை மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு குழாயின் வாய் இருக்கிறது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வேறெந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. கணவர் குயிலாப்பாளையம் பக்கம் கட்டட மேற்பார்வை வேலையில் இருந்தபோது கற்றுக்கொண்டது. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வீட்டைச் சுற்றிக் குழாய் புதைத்தார். மாடியில் கறுப்புப் பூசிய தகரப் புகைபோக்கி ஒன்று வைத்தார். வெயிலில் அது சூடாகி அறையின் அனலை மேலே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப, மண்ணுக்கடியில் குளிர்ந்த காற்று குழாய் வழியாக உள்ளே வரும். கரன்ட் வேண்டாம். மார்கழியில் அதே காற்று வெதுவெதுப்பாக வரும் என்றார். அந்த நம்பிக்கையில் அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான் வைத்தார்; ஃபேன்கூட மாட்டவில்லை.

பங்குனியில் மகன் பிறந்தான். போய் இருக்க எனக்குத் தாய்வீடு இல்லை. கணவர் பதினைந்து நாள் கூட இருந்துவிட்டு மஸ்கட் வேலைக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் பூண்டு ரசம் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, குழாயில் கையை வைத்துப் பார்த்து அலறினார்.

“என்னாம்மா இது! பச்ச உடம்புக்காரி, காதுல பஞ்சு வச்சிக்கினு, பூமிக்குள்ளருந்து வர்ற காத்துல படுத்துக்கினு இருக்க! புள்ளைக்குச் சளி கட்டிக்கும். ஜல்தியா அடை அத்த.”

நான் இயற்பியல் படித்தவள். அந்தக் காற்றால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனால் அன்று மாலை குழந்தை இரண்டு முறை தும்மினான். கணவரின் பழைய லுங்கியைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்துவிட்டேன்.

அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றுதான் ஃபோன் செய்வார். முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்பார். அடுத்து, “காத்து வருதா?”

“வருதுங்க.”

சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

சித்திரை வெயில் ஏற ஏற, அறை அடுப்பாயிற்று. லுங்கியைப் பாதி உருவுவேன். குழந்தை இருமினால் திரும்பத் திணிப்பேன். கேட்க ஆளில்லாத வீட்டில், நானே கேட்டு நானே பதில் சொல்லி, எந்தப் பதிலையும் நம்பாமல் நாட்கள் போயின. ஒரு மத்தியானம் அவன் பால் குடிக்க மறுத்தான். காலையிலிருந்து துணி நனையவே இல்லை. உடம்பு கொதித்தது. அவனைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

நர்ஸ் அவன் குல்லாவைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டரை.

“ஏம்மா, ஊட்டிலருந்தா வர்ற? வெளிய தாரு உருகுது!”

உஷ்ணத்தில் நீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் தூக்குவாளியோடு யாராவது வந்தபடி இருந்தார்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட நான் முன்பின் தெரியாத பெண்ணிடம், “கொஞ்சம் பாத்துக்கறீங்களா?” என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

வீடு திரும்பியதும் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு முதல் வேலையாக லுங்கியைப் பிடுங்கினேன். மண் வாசனையோடு காற்று மெல்ல வந்தது. அவனைக் குழாய்க்குப் பக்கத்தில் பாயில் கிடத்தினேன். அரை மணியில் கால்களை உதைக்க ஆரம்பித்தான். அதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

“காத்து வருதா?”

“வருதுங்க.” முதல் தடவையாக உண்மை.

“போன வாரத்துக்கு எப்படி? கம்மியா, ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதாங்க.”

“ஒரே வாரத்துல ஜாஸ்தி ஆவக்கூடாதே!” அவர் குரல் பதறியது. “குழாயோட வெளி வாயில கட்டுன வலை கிழிஞ்சிருக்குமோ? பாம்பு கீம்பு நுழைஞ்சிடப் போவுது. யாரையாச்சும் கூப்டுப் பாக்கச் சொல்லு.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. லுங்கியைச் சொன்னேன். மூன்று வாரப் பொய்யைச் சொன்னேன். ஆஸ்பத்திரியையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஃபோனில் அவர் பக்கமிருந்து ஒரு ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“தனியாவா போன?” என்றார் கடைசியில்.

“ஆமாங்க.”

குழாயைப் பற்றி அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.