ஐந்து மணிக்கு வெளியான பட்டியல்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் என் வலைப்பூவில் 'இந்த வாரம் வாசிக்க' என்ற பட்டியல் வந்துவிடும். ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிவந்த வருஷம் ஆரம்பித்த பழக்கம் அது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். வகுப்பில் பாதிப் பேர் தூங்கும்போது, வெளியே எனக்காக யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற நினைப்பே பெரிய தெம்பு.

இப்படி வாராவாரம் பட்டியல் போடும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். என் கட்டுரையை நீ பரிந்துரைத்தால் உன்னுடையதை நான் பரிந்துரைக்க வேண்டும். வாசித்துத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. கால்மணி நேரம் பிடிக்கும் கட்டுரைக்கு இரண்டாவது நிமிஷமே 'அருமை, ஆழம்' என்று பதில் வந்து விழும். நானும் அப்படி நிறைய ஆழம் பார்த்தவன்தான்.

ஒரு தடவை, அந்த வாரம் எல்லாருமே வறுமை பற்றிய விழிப்புணர்வுக்குப் பட்டியல் போடுவது என்று குழுவில் முடிவானது. யாருக்கு விழிப்புணர்வு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழைகளுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. சனிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு எல்லாப் பட்டியலும் ஒன்றாக வெளியாக வேண்டும் என்று மட்டும் கறாராகப் பேசிக்கொண்டோம்.

அதே சனிக்கிழமை ஐந்து மணியோடு இன்னொன்றும் முடிய இருந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவின் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவள் போனில் முயன்று பார்த்து, சான்றிதழ்கள் ஏறாமல் விட்டுவிட்டாள். புதன்கிழமையே அக்கா என்னிடம் வந்து சொன்னார்.

"இ-சேவை சென்டர்ல குடுத்தா பேர மாத்தி அடிச்சிர்றாக சார். போன தடவ சாதிச் சான்றுல என் பேரையே தப்பாப் போட்டு, அத மாத்த எங்க ஊரு எழுமலைக்கும் இங்கிட்டுமா ரெண்டு மாசம் அலைஞ்சேன். நீங்கன்னா சரியாப் போடுவீக."

தமிழ் வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. "சனிக்கிழம லீவுதான், உக்காந்து போட்டுருவோம்க்கா," என்றேன். வீட்டில் ஸ்கேனரும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் என் மனைவி ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றம் போய்விட்டாள். மார்க் ஷீட், சாதிச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் ஜவுளிக்கடை கவர் ஒன்றில் போட்டுக்கொண்டு அக்கா வந்தார். "இப்பப் போட்டுருவமா சார்?" என்றார். கொஞ்சம் எழுத்து வேலை இருக்கிறது, மத்தியானம் பார்ப்போம் என்றேன்.

மத்தியானம் பட்டியலின் முன்னுரைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. இணையத்தில் கிடைத்த ஏழைகளெல்லாம் வேறு மாநிலத்து ஆட்களாக இருந்தார்கள். அடுப்படியில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றதும், நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு நீட்டினார். திரும்ப நுரையிலேயே வைக்கச் சொன்னேன். வைத்தார். நான் குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சம் பார்த்து எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

"என்ன சார் எழுதுறீக?"

"ஏழைகளப் பத்திக்கா."

"எந்த ஊரு ஏழைக?"

பொதுவாக எழுதுகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப நம்ம பாரத்த இப்பப் போட்டுருவமா?" என்று கேட்டார். சாயங்காலம் வரச் சொன்னேன்.

மற்ற வீட்டு வேலைகளை முடித்துவிட்டு நாலரைக்கு மறுபடியும் வந்தார். "நேரமாச்சு சார், அஞ்சோட மூடிருவாகளாம்." நான் 'கொடிய வறுமை' என்று போடுவதா 'கொடும் வறுமை' என்று போடுவதா என்ற இடத்தில் சிக்கி நின்றேன். பத்து நிமிஷம்க்கா, என்றேன். அவர் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். நிற்பது எனக்குத் தெரிந்தது. ஐந்து மணிக்குப் பட்டியல் வெளியானது. முதல் 'அருமை' வந்த பிறகுதான் அந்த இணையதளத்தைத் திறந்தேன். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டதாகச் சிவப்பில் எழுதியிருந்தது.

"அடுத்த வருசம் பாத்துக்கிருவோம் சார்," என்றார். கல்யாண வீட்டிலிருந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு என்னோடு பேசவேயில்லை. அடுத்த வாரமே அக்காவின் மகள் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கம் வந்தால் மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கட்டுரை எழுதுவார்கள். நானும் எழுதினேன். 'மறதியும் குற்றமே' என்று தலைப்பு. வேலை மும்முரத்தில் மறந்துபோனேன், ஒரு பெண்ணின் ஒரு வருஷம் என் மறதியில் போயிற்று என்று எழுதி, நானே படித்துக் கண் கலங்கினேன். என் ஆயுளில் அவ்வளவு பேர் வாசித்த கட்டுரை வேறு கிடையாது. அடுத்து வந்த சனிக்கிழமை எல்லாருடைய பட்டியலிலும் அதுதான் முதல் இடம். என் நேர்மையைப் பார்த்துப் பலருக்குப் பேச்சு வரவில்லையாம். அதையும் நீளமாகவே எழுதியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"எம் மக போன்ல நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனா சார். நல்லாத்தான் இருந்துச்சு. மறந்துட்டேன்னு போட்டிருக்கீக. நான்தான் அன்னைக்கு மூணு தடவ வந்து கேட்டேனே."

கோபமாகச் சொல்லவில்லை. சாதிச் சான்றில் பேர் தப்பாக வந்ததைச் சொன்ன அதே குரல். நான் உள்ளே போய்க் கட்டுரையைத் திருத்துவதற்காகத் திறந்தேன். கீழே அன்றைக்கும் புதிதாகப் பாராட்டுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றாக வாசித்தேன். பிறகு திருத்தாமலே மூடிவிட்டேன்.

அந்தக் கட்டுரை இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. நான் மறக்கவில்லை. அவர் மூன்று தடவையும் கேட்டார், மூன்று தடவையும் எனக்குக் கேட்டது.