கம்ப்யூட்டரில் வாசித்துக்கொண்டிருந்த குரல்

என் பள்ளிக்கூடம் நின்றுபோன நாளை நான் வெகுகாலம் நினைத்துப் பார்த்ததே இல்லை. போன மாதம் தம்பி மகன் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணின பிறகுதான் அந்த நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

தம்பி காலமானதிலிருந்து நான் அவன் மகனோடுதான் இருக்கிறேன். அவனுக்கு மாதாப்பூரில் ஐ.டி. வேலை. தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டதும் பழைய கம்ப்யூட்டரை என் அறையில் வைத்துவிட்டான். அதைப் போட்டுவிட்டு நான் போய்க் காபி கலந்து குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்தான்.

"செவன் சீட்டர் ஆட்டோவில பதினஞ்சு பேர் தொத்திக்கிட்டுப் போற மாதிரி ஓடுது அத்தை. இதுல பாதி, நாம கேட்காமலே கம்பெனிக்காரங்களே ஏத்தி அனுப்பினது."

"கேட்காம ஏறினவங்களை இறக்கிவிடு" என்றேன்.

சீட்டு விளையாட்டு போயிற்று. வானிலை சொல்கிறது போயிற்று. "அதுக்கு ஜன்னல் இருக்கு" என்றேன்; சிரித்தான். பேர் தெரியாத ஏதேதோ போயின. ஒவ்வொன்றையும் என்னைக் கேட்டுத்தான் எடுத்தான், வளர்ப்பு அப்படி. பிறகு ஓரிடத்தில் நின்றான்.

"இது எதுக்கு இங்க? எழுத்தை வாசிச்சுக் காட்டுற குரல். தமிழ்க் குரல் வேற போட்டிருக்கு. கண்ணு தெரியாதவங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு வெச்சது. உங்களுக்கு நக்கோ, வேண்டாம்தானே?"

கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி, "அத்தைக்கு எதுக்குங்க அது? காலையில பேப்பரை முழுசா முடிக்கிறவங்க" என்றாள்.

"எடுத்துடு" என்றேன்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பத்தி முடிவதற்குள் அதன் முதல் வரி மறந்துபோகும். காலையில் பேப்பரை விரித்து உட்காருவது உண்மை, பக்கம் திருப்புவதும் உண்மை. படங்களையும் தலைப்புகளையும் வைத்து நாலு பேரிடம் பேசுகிற அளவுக்கு விஷயம் தேற்றிக்கொள்வேன். இது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவிட்டதில்லை.

அந்தக் குரலைப் போட்டுத் தந்தது, மாடியில் குடியிருந்து அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த பெண். கண் மங்குகிறது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மத்தியானம் எல்லோரும் வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி கேட்பேன். குரல் வாசிக்க வாசிக்க, திரையில் அந்தந்த வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டே போவேன். சில வார்த்தைகள் முகம் தெரிந்தவையாக ஆகிவிட்டன. ஒருநாள் குரல் சொல்வதற்கு முன்னாலேயே என் வாய் 'வெள்ளம்' என்று சொல்லிவிட்டது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சுத்தம் பண்ணின மறுநாள் மத்தியானம் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பொய் சொல்லக் கூடாது, அவன் வேலை சுத்தம். எழுத்துகள் வரிசையாக இருந்தன. சத்தம்தான் இல்லை. முதல் வரியில் வைத்த விரலை நகர்த்தத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மாடிப் பெண் கோர்ஸ் முடித்து ஊருக்குப் போய்விட்டாள். தம்பி மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் திரும்பப் போட்டுவிடுவான்.

சாயங்காலம் வந்தவன், "எப்படி ஓடுது அத்தை?" என்றான்.

"ஜோரா ஓடுது" என்றேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் வாயில் வரவில்லை.

விரல் வைத்துப் படிக்கப் பழக்கினது சிகந்தராபாத்தில் என் மூன்றாம் வகுப்பு டீச்சரம்மா. அவர் வாசிப்பார், நாங்கள் புத்தகத்தில் விரலைக் கூடவே ஓட்ட வேண்டும். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பார்ப்பார். என் விரல் அவருக்கு முன்னால் ஓடும். "எனக்காகக் கொஞ்சம் நில்லுடி" என்பார். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பஸ் டிப்போ உடுப்போடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"பிரசவத்துக்கு அப்புறம் இவ அம்மா எழுந்திருக்கவே இல்ல டீச்சர். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்ல. இவ இனிமே வரமாட்டா."

டீச்சரம்மா புத்தகத்தை மூடவில்லை. "நல்லா வாசிக்கிற பொண்ணு சார். அரை நேரமாவது அனுப்புங்களேன்."

"பேர் எழுதத் தெரிஞ்சுடுச்சே டீச்சர், போதும்" என்றார் அப்பா.

வரும் வழியில் இரானி ஹோட்டலில் உட்காரவைத்து உஸ்மானியா பிஸ்கட் வாங்கித் தந்தார். தம்பிக்கு இல்லை, எனக்கு மட்டும். தன் டீயைச் சாஸரில் ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நனைத்த பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

மறுநாள் காலை, ஒன்றாம் வகுப்புத் தம்பி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சைக்கிளில் தூக்கி வைத்தார். தெருமுனை திரும்புகிறவரை அழுகை கேட்டது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தேன். மாட்டிக்கொண்டது அவன், தப்பித்தது நான் என்று, அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.