தமிழிலிருந்து தமிழுக்கு

பிரசங்கத்தை மொழிபெயர்க்கிறவளுக்கு இரண்டு எஜமான்கள்: மேலே ஒருவர், பக்கத்தில் ஒருவர். டில்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை என்பதால், எங்கள் தமிழ்ச் சபையில் பாஸ்டர் ஐயா சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொல்ல வேண்டும். ஆபீஸில் மேலதிகாரியையே எதிர்த்துப் பேசுகிறவள் நான். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னொருவர் வாயாக நிற்கிறேன். அடங்கிப்போகிற வேலை பார்க்கிற உங்களுக்கெல்லாம் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஒரு படி கீழே

முதல் நாளே ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிரசங்க பீடத்துக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும், ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம் அவர் தேங்காய் வியாபாரி கதை ஒன்றைச் சிரிப்பாகச் சொன்னார். அது இந்தியில் சிரிப்பாகவே இல்லை. ஐயாவைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் என் கைச்சரக்கைக் கொஞ்சம் சேர்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆராதனை முடிந்ததும்தான் சந்தேகம் வந்தது. "சிஸ்டர், நான் கதையை முடிக்கவே இல்ல. அதுக்குள்ள எப்படிச் சிரிச்சாங்க?"

வாய் தவறியது

ஐயா வேகமெடுத்தால் மூச்சு விடமாட்டார். ஒருநாள் அந்த வேகத்தில் அவர் தமிழில் சொன்னதை நானும் அப்படியே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டேன். சபையே சிரித்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்காரும் செல்வின் நாகர்கோவில்காரர், ஏர்போர்ட்டில் வேலை. டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்தார். "பரவால்லக்கா. முதல் தடவ சொல்லும்போது நான் தூங்கிட்டு இருந்தேன்."

சுனிதா கேட்டது

செல்வினின் மனைவி சுனிதா ஹரியானாவில் ரோத்தக் ஊர்ப் பெண். தமிழ் தெரியாது. சபையில் அவள் காதில் விழும் வேதமெல்லாம் என் வாய் வழியாகத்தான்.

அவள் அம்மா வழுக்கி விழுந்து படுக்கையில் கிடப்பதை ஒரு ஞாயிறு டீ நேரத்தில் என்னிடம் சொன்னாள். பத்து நாள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பையனுக்குப் பரீட்சை, போக வேண்டாம் என்றிருக்கிறார் செல்வின். அழுதவளிடம், புருஷன் சொன்னால் கீழ்ப்படிய வேண்டும், வேதத்திலேயே இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ இந்தியில் அமைதியாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் அந்த வசனம்தானாம், தீதி. நீங்க என்ன சொல்றீங்களோ, அதுக்கு நான் கீழ்ப்படிவேன்."

அடுத்த வசனம்

அடுத்த ஞாயிறு ஐயா மனைவிகளின் கீழ்ப்படிதலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருக்கு இந்தி தெரியாது. நான் ஒரு வரியை விழுங்கியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வார்த்தை என்னுடையதில்லையே. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் சுனிதாவின் தலை தாழ்ந்துகொண்டே போனது.

ஐயா ஜெபிக்க வேதத்தை மூடினார். மைக்கிலேயே சொல்லிவிட்டேன்: "ஐயா, அடுத்த வசனம் வாசிக்கல." இன்றோடு நம் ஊழியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டி, வேதத்தைத் திறந்து, மெதுவாக வாசித்தார். கிறிஸ்து சபைக்காக உயிரையே கொடுத்ததுபோலப் புருஷன் மனைவியை நேசிக்க வேண்டும் என்கிற இடம் அது.

நான் இந்தியில் சொல்ல வேண்டும். என் கண் செல்வின் மேல் இருந்தது, வாயில் வந்தது தமிழ். வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னதா என்று கேட்காதீர்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் இந்தியில் சொன்னேன், சுனிதா நிமிர்ந்தாள்.

திட்டு வாங்கத் தயாராக, பீடத்துக்குப் பின்னாலிருக்கும் வெஸ்ட்ரி அறைக்குப் போனேன். ஐயா அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எதையும் கூட்டல சிஸ்டர். நான்தான் குறைச்சுட்டேன்."

மூன்றாவது வரிசை

அடுத்த வாரம் செல்வின் பையனோடு மட்டும் வந்திருந்தார். பையனின் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. சுனிதா ரோத்தக்கில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, அந்த வசனத்தைத் தமிழிலேயே இரண்டாம் தடவை சொன்னதற்கு மன்னிக்கும்படி கேட்டேன். அவர் பையனின் பட்டனைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அன்னைக்கு நான் தூங்கலக்கா. முதல் தடவையே கேட்டுச்சு."

பன்னிரண்டு வருஷமாகத் தமிழை இந்தியாக்குகிறேன், ஆனால் நான் உருப்படியாகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு தமிழிலிருந்து தமிழுக்குத்தான்.