கட்டில் உயரத்து ஜன்னல்

அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேக்காட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தபோது அது கட்டுக்குள்தான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் லாரிகள் ஓட ஆரம்பித்தன. மர ஜன்னல்களைக் கரையான் தின்றிருந்ததால் சாத்தினாலும் கதவுகள் சேரவில்லை. புழுதி அப்படியே உள்ளே வந்தது.

இரும்புச் சட்டமும் கண்ணாடியும் போட்டுவிடலாம் என்று முடிவானது. சண்டை, இரண்டு ஜன்னல்களுக்கும் மேலே இருந்த வெண்டிலேட்டர்களைப் பற்றித்தான். அம்மா அவற்றைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள்.

"தூசி வந்தா நீங்கதான் உக்காந்து இருமுறீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"தூசி வந்தா இருமிக்கிறேன். காத்தே வரலன்னா என்னடி பண்றது?" என்றார் அப்பா.

அளவெடுக்க வந்த வெல்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "இன்னா சார், மேல ஓட்டை வுடணுமா, வாணாவா? அம்மா ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற."

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டே அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, தெருப்பக்கத்து வெண்டிலேட்டரை மட்டும் அடைத்தால் போதும் என்றாள். பின்பக்கம் காலிமனைதான், அங்கே மேலே திறந்தே இருக்கட்டும். அந்தப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை உடைத்து, கட்டில் உயரத்துக்கு இறக்கிவிடலாம்.

"படுத்திருக்கும்போதும் மூஞ்சில காத்து படணும் இவருக்கு."

சுவரை உடைத்துச் சட்டத்தைப் பதித்த வாரமே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவுகள் இன்னும் வரவில்லை. வெறும் கம்பி வழியாகப் பின்மனையின் ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. தலையணையை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னார். கம்பிக்கு வெளியே கையை நீட்டி வைத்துக்கொண்டு, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அம்மா சமையலறைக்குப் போய் அழுதாள்.

அந்த ஐப்பசியிலேயே போய்விட்டார். பட்டப்பகலில், அதே கட்டிலில்.

விஷயம் தெரியாமல் மறுநாள் வெல்டர் கதவுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் பந்தலைப் பார்த்ததும் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். "நல்ல மன்சன்பா. காரியம்லாம் முடியட்டும், அப்பால வரேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சொன்னபடி வந்து மாட்டியும் கொடுத்தார்.

இவ்வளவு தாழ்வாக ஜன்னல் இருந்தால் திருடனுக்குத்தான் வசதி, பாதியை மூடிவிடு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அந்தக் கட்டிலில் அவள் படுத்ததும் இல்லை. காலையில் எழுந்ததும் கதவுகளைத் திறந்து கொக்கி மாட்டிவிட்டுத்தான் பால் காய்ச்சப் போவாள். மழை நாட்களில் சாரல் அடித்து மெத்தை நனைந்தது. மெத்தையைச் சுருட்டி வேறு அறையில் போட்டாள். ஜன்னலைச் சாத்திவிடேன் என்று யாராவது சொன்னால், காதில் விழாதவள் போல் இருந்துவிடுவாள்.